இருவர் பெயரையும் சேர்த்து அழைத்தவர்களுக்கு

பெருமதிப்பிற்குரிய அறக்கட்டளை அன்பர்களுக்கும், எங்கள் பிள்ளைகள் இருவரும் உங்கள் விருதைப் பெறக் கொச்சி வரை போய் நல்லபடியாகத் திரும்பி வரத் துணைநின்ற ஒவ்வொருவருக்கும் வணக்கம்.

அறக்கட்டளையின் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். அதனால் இந்த மடலில் எவருடைய பெயரும் இல்லை; பிள்ளைகளின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில் நான் வேலை செய்கிறேன். என் கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. போடி வழியாக மலையேறி வந்து நான்கு தலைமுறையாக இந்த லயங்களிலேயே, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலேயே, வாழும் குடும்பம் எங்களுடையது.

எங்கள் மலையில் கால்பந்து துரைமார் காலத்திலிருந்து வேரூன்றியது. பழைய மூணாறு மைதானத்தில் எஸ்டேட் அணிகள் மோதும் ஃபின்லே கால்பந்துப் போட்டி தொடங்கிவிட்டால் கொழுந்து எடுக்கும் பெண்கள்கூட எந்த எஸ்டேட் எத்தனை கோல் போட்டது என்பதைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் மகனுக்கு அர்ஜென்டினா உயிர். மேல் லயத்தில் இருக்கும் அவன் நண்பனுக்குப் போர்ச்சுகல். இருவருக்கும் பொதுவானது கேரளா பிளாஸ்டர்ஸ். 2014, 2016, 2022 என மூன்று முறை ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து இறுதிப் போட்டி வரை வந்து மூன்றிலும் தோற்ற அணி அது. கோவாவில் நடந்த மூன்றாவது இறுதிப் போட்டியில் ஐதராபாத்திடம் பெனால்ட்டியில் தோற்ற இரவு, இரண்டு பேரும் சோற்றைத் தொடாமல் என் வீட்டு வாசற்படியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அவர்களுக்குப் பத்து வயது.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்த சில நாட்களில் என் மகன் மெலியத் தொடங்கினான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், இரவில் நான்கைந்து முறை எழுந்தான். பிறகு வாந்தி வந்தது. முதலில் காட்டிய இடத்தில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் இரவு மூச்சு வாங்க ஆரம்பித்து, அடைமழையில் ஜீப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது இரத்தச் சர்க்கரை 500-ஐத் தாண்டியிருந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிற முதல் வகை நீரிழிவு என்றும், இனிப்புத் தின்றதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும், இனி நாளுக்கு நான்கு ஊசி இல்லாமல் பிள்ளை உயிர்வாழ முடியாது என்றும் மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு நான் எப்படி வெளியே வந்தேன் என்பது எனக்கு இன்றுவரை நினைவில் இல்லை. மிட்டாய் வாங்கிக் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று ஊரில் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவில் கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் திட்டத்தின் பெயரே ‘மிட்டாயி’ என்று அறிந்தபோது எனக்கு அழுகை வந்தது. இன்சுலினும், அதைப் போடும் பேனாவும், சர்க்கரை பார்க்கும் கருவியும் இலவசமாகத் தந்ததோடு, என் கையைப் பிடித்து ஊசி போடக் கற்றுக்கொடுத்த அந்த மையத்து சிஸ்டருக்கு என் முதல் நன்றியைச் சொல்லிக்கொள்கிறேன்.

மருந்தை அரசு தந்தது. மருந்துக்குப் பிறகான நாளை யார் பார்த்துக்கொள்வது? ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானாலும், அதிகமாக ஓடி ஆடினாலும் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். 70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது மருத்துவர் சொன்ன கணக்கு. நானோ காப்பகத்தில், அவன் அப்பா தொழிற்சாலையில். இந்தக் கணக்கை எங்களைவிட நன்றாக மனப்பாடம் செய்தவன் மேல் லயத்துப் பையன்தான். பழைய நோட்டுத் தாளைக் கிழித்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரை வைத்து, மருந்துக்கடைப் பொட்டலம் போல நான்கு மூலையும் மடித்து, மேலே தேதி எழுதி வைப்பான். மழைக்காலத்தில் சர்க்கரை கசிந்து கட்டியாகிவிடும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவான். பள்ளிக்குப் போகும்போது பொட்டலம் சட்டைப் பையில் இருக்கும், மைதானத்தில் காலுறைக்குள்.

இனி விளையாடவே கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த முடிவை மாற்றியவனும் அவனே. ஒரு நாள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, “அத்தை, இவரைப் பாருங்கள், இவருக்கும் இதே நோய்தான்” என்று ஸ்பெயின் வீரர் நாச்சோவைக் காட்டினான். 12 வயதில் இதே நோய் வந்து, இனி கால்பந்து கிடையாது என்று ஒரு மருத்துவர் சொல்லி, அடுத்துப் பார்த்த மருத்துவர் தாராளமாக ஆடலாம் என்று சொன்னதால் ஆட்டத்தைத் தொடர்ந்து, ரியல் மாட்ரிட்டுக்காக ஆறு முறை சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியவர் அவர். அவன் எனக்குக் காட்டிய கோல், 2018 உலகக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு எதிராக அவர் அடித்தது. பெனால்ட்டி பெட்டிக்கு வெளியே இருந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போகிறது. ரொனால்டோ மூன்று கோல் போட்டு 3–3 என்று முடிந்த ஆட்டம் அது. ரொனால்டோவைத் தெய்வமாக நினைக்கிற பிள்ளை, ரொனால்டோவின் அணி வாங்கிய கோலைத் தேடி எடுத்து என் மகனுக்காகக் கொண்டு வந்திருந்தான். அடுத்த வாரம் மருத்துவரிடம் கேட்டேன். சர்க்கரை பார்த்துவிட்டு, கூட ஒருவர் இருந்தால் ஆடட்டும் என்றார்.

ஒரு மாலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த எங்கள் மைதானத்தில் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகளோடு ஆட்டம். அவன் கோல்கீப்பர், என் மகன் இடப்பக்கம் ஓடுகிறவன். வேலை முடிந்து வந்து வரப்பில் நின்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் ஓட்டத்தைக் குறைத்து நின்றதை நான் களைப்பு என்று நினைத்தேன். அவனோ அத்தனை தூரத்திலிருந்து, அந்தக் குளிரில் இவன் நெற்றியைத் துடைத்ததைக் கவனித்திருக்கிறான். கோலை அப்படியே விட்டுவிட்டு மைதானத்தின் குறுக்கே ஓடி வந்து, காலுறையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பல்லால் கிழித்து இவன் வாயில் கொட்டினான். ஆளில்லாத கோலுக்குள் எதிரணி பந்தை உருட்டிவிட்டது. எங்கள் அணிப் பிள்ளைகள் அவனைத் திட்டிக்கொண்டே ஓடி வந்து, என் மகனின் கை நடுங்குவதைப் பார்த்துப் பேச்சற்று நின்றார்கள். அந்தக் கோலில் எங்கள் எஸ்டேட் தோற்றது. அன்றிலிருந்து அணியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் காலுறையிலும் ஒரு பொட்டலம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் என் நன்றி.

மேல் லயத்துப் பையனின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் கேட்டதில்லை. தாயை இழந்தவன், பாட்டியிடம் வளர்கிறவன். பாட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், எஸ்டேட்டில் பேர்பதிந்து வேலை செய்ய வீட்டில் ஆள் இல்லாவிட்டால் லயத்து வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்ற நிலை வந்தது. சித்தப்பா ஒருவர் வேலைக்குச் சேர்ந்ததால் வீடு தப்பியது. ஆனால் கடன் தப்பவில்லை. படிப்பை விட்டுவிட்டு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன் என்று அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். என் மகன் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. காலையில் ஏழரை மணிக்கு மேல் லயத்துக்குப் போய் அவன் வீட்டு வாசலில் பையோடு உட்கார்ந்துகொண்டான். “பொட்டலம் உன்னிடம்தானே இருக்கிறது, நீ வராமல் நான் எப்படிப் போவது” என்று கேட்டானாம். மூன்று நாள் இருவரும் பள்ளிக்குப் போகவில்லை. நான்காம் நாள் அவன் சீருடை போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

இத்தனை நாளும் என் மகனுக்கு உதவ வந்தவர்கள் பலர். எல்லோரும் நல்ல மனிதர்கள். எல்லோரும் நோயுள்ள பிள்ளையைத்தான் தேடி வந்தார்கள். பக்கத்தில் நின்ற பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அவன் ஒன்றும் சொல்லாமல் தள்ளி நிற்பான். எனக்குத்தான் நெஞ்சு அடைக்கும். துன்பத்தை நட்பால் கடந்த இளம் ரசிகர்களுக்கு விருது, இரண்டு பேர் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும், ஒருவரைப் பற்றி மற்றவர்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் விதி வைத்திருப்பதைத் தமிழாசிரியர் படித்துக் காட்டியபோது, நான் இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிள்ளைகளின் எழுத்தில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல் அனுப்பிவைத்த அந்த ஆசிரியருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கொச்சிப் பயணத்தைப் பற்றி நிறைய எழுதலாம். விடிவதற்கு முன்பே எங்களை ஏற்றிக்கொண்டு அடிமாலி, நேரியமங்கலம் வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வராதபடி நிதானமாக ஓட்டி, வாடகையாக ஒரு ரூபாயும் வாங்க மறுத்த ஜீப் சேட்டன், அந்த ஜூன் மாத இரவில் எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோன அதே சேட்டன்தான். ஆலுவாவிலிருந்து மெட்ரோவில் ஏறி, கலூர் மைதான நிறுத்தத்தில் இறங்கியதும் மஞ்சள் கூட்டத்தைக் கண்டு பிள்ளைகள் பேச்சற்றுப் போனார்கள். உள்ளே பையும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோக விடமாட்டார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. மருத்துவரின் கடிதத்தை நிதானமாகப் படித்து, இன்சுலின் பையைத் தன் கையாலேயே எடுத்துவந்து எங்களை இருக்கை வரை கொண்டு விட்ட காவலாளிக்கும், ஆட்டத்தின் இடைவேளையில் ஊசி போட வேண்டியிருந்தபோது கேட்காமலே தன் மஞ்சள் துண்டை விரித்து மறைத்துப் பிடித்த முன்வரிசைச் சேச்சிக்கும் நன்றி. நான் ஆட்டத்தை அதிகம் பார்க்கவில்லை. அந்த இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்துக்கு முன்பு, விருது வழங்கிய மண்டபத்தில் நீங்கள் இரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில் சேர்த்து அழைத்தீர்கள். வழக்கம்போல அவன் தள்ளி நின்றான். உங்களில் ஒருவர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவன் கையைப் பிடித்து அழைத்துப்போனீர்கள். சர்க்கரை பார்க்கும் பட்டைகள் ஓர் ஆண்டுக்கும், அவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்புச் செலவும், கோல்கீப்பர் கையுறையும் தந்தீர்கள். அனைத்துக்கும் நன்றி சொல்கிறேன் என்றாலும், இறங்கி வந்து பிடித்த அந்தக் கைக்குத்தான் இந்த மடலையே எழுதுகிறேன்.

சான்றிதழ் இப்போது மேல் லயத்து வீட்டுச் சுவரில் இருக்கிறது. அங்கேதான் மாட்ட வேண்டும் என்று என் மகன் சொல்லிவிட்டான். பாட்டிக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. “எம் பேரன் பேரு எங்க இருக்கு?” என்று கேட்டபோது அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். ஃபின்லே போட்டி நடக்கும்போது நீங்கள் எல்லோரும் மூணாற்றுக்கு வர வேண்டும், சாப்பாடு தன் வீட்டில்தான், இதை மறக்காமல் எழுது என்று அவர் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
இரு வீட்டார் சார்பில்,
ஒரு தாய்,
மூணாறு.