அமிர்தம் எடுக்க நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

"அமிர்தம் எடுத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கிறேன், அங்கே சாதி இல்லைதானே அக்கா?" என்று கேட்டு எழுதியிருக்கிறாய். அமிர்தம் எடுப்பது என்றால் சீக்கியத்தில் தீட்சை பெற்று முறையாகச் சேர்வது. பஞ்சாபில், லூதியானாவில் வருஷக்கணக்காக இருக்கிறவள் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறாய். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் பதில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தில்லி எல்லையில் பஞ்சாப் விவசாயிகள் போராட உட்கார்ந்த நாளிலிருந்து நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் இதையே கேட்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தலைப்பாகை கட்டிய தமிழர்கள் நம் தெருக்களில் வாக்குக் கேட்டு வந்தார்கள். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

உன்னை எது இழுத்தது என்று எனக்குத் தெரியும். அது பொய் இல்லை. குரு கிரந்த சாஹிபின் 1430 பக்கங்களில் குருமார்களின் பாடல்களோடு செருப்புத் தைத்த ரவிதாசர் பாடியதும், நெசவாளி கபீர் பாடியதும், சூஃபி ஃபரீத் பாடியதும் இருக்கின்றன. சீக்கியருக்கு அந்த நூல்தான் குரு. நிலவுடைமைச் சாதியான ஜாட்களில் நூறு ஏக்கர் வைத்திருக்கும் பண்ணையாரும் ரவிதாசரின் பாட்டு இருக்கிற அந்த நூலின் முன்னால் நெற்றி தரையில் படக் கும்பிட்டுத்தான் ஆகவேண்டும். 1699 வைசாகித் திருநாளில் ஆனந்த்பூரில் குரு கேட்டபோது தலை தர முன்வந்த ஐந்து பேரில் ஒருவர் பூரியிலிருந்து வந்த தண்ணீர் சுமக்கும் தொழிலாளி, இன்னொருவர் பீதரிலிருந்து வந்த நாவிதர். ஐவரும் ஒரே இரும்புக் கிண்ணத்தில் அமிர்தம் குடித்தார்கள். அப்புறம் குரு கோவிந்த் சிங்கே அவர்கள் கையால் வாங்கிக் குடித்தார். அதற்கு முன்னால், 1675-இல் தில்லியில் குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்டபோது, அதைக் காவலுக்குத் தப்பி ஆனந்த்பூர் வரை கொண்டுவந்து சேர்த்தவர் துப்புரவு செய்யும் சாதியில் பிறந்த பாய் ஜைதா. 'ரங்ரேட்டா குருவின் மகன்' என்று (ரங்ரேட்டா என்பது அந்தச் சாதியாரைக் குறிக்கும் பெயர்) அவரைக் குரு கோவிந்த் அணைத்துக்கொண்ட கதை இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்தப் பாய் ஜைதாவின் சாதிக்காரர்களை இன்று மஜ்ஹபி சீக்கியர் என்கிறார்கள். பஞ்சாப் கிராமங்களில் அவர்கள் வீடுகள் பெரும்பாலும் ஊருக்கு ஒரு ஓரமாக, தனியாக இருக்கும். நம் ஊர்ச் சேரியைப் பார்த்த உனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பல ஊர்களில் ஜாட்களுக்கு ஒரு குருத்வாரா, மஜ்ஹபிகளுக்கு ஒன்று, ரவிதாசரைக் குருவாகக் கொண்டாடும் ரவிதாசியாக்களுக்கு இன்னொன்று. சுடுகாடும் தனித்தனி. லூதியானா மாதிரிப் பெரிய நகரங்களில்கூட ராம்கடியா என்று கைவினைஞர் சாதியின் பெயரைப் பலகையில் தாங்கிய குருத்வாராக்கள் உண்டு. இங்கிலாந்திலும் கென்யாவிலும்கூட அதே பெயரில் கட்டியிருக்கிறார்கள். எந்த குருத்வாராவிலும் உன்னை யாரும் வாசலில் நிறுத்த மாட்டார்கள், லங்கர் என்ற பொதுப் பந்தியில் யார் பக்கத்திலும் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் கமிட்டியில் யார் இருக்கிறார்கள், உண்டியல் சாவி யார் கையில், கல்யாணம் யாருக்கும் யாருக்கும் நடக்கிறது என்று பார்த்தால்தான் ஊர் புரியும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் 'ஜாட் சீக்கிய மணமகள் தேவை' என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்ப் பத்திரிகைகள்தான் நினைவுக்கு வரும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் கிட்டத்தட்ட 32 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். இந்தியாவில் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. நிலமோ அவர்கள் கையில் மிகக் கொஞ்சம். ஊர்ப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கை அவர்களுக்குத்தான் குத்தகைக்கு விடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ரொம்ப காலமாக அதைப் பெரிய விவசாயிகள் ஒரு தலித் ஆளைப் பெயருக்கு ஏலத்தில் நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2014 வாக்கில் சங்ரூர் மாவட்டத்தில் ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி என்ற அமைப்பு இதை எதிர்த்து நின்றது. பலத் கலான் போன்ற ஊர்களில் தலித் குடும்பங்கள் சேர்ந்து ஏலம் எடுத்துக் கூட்டாகப் பயிர் வைத்தார்கள்.

இந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் பெண்கள் நின்றதற்குக் காரணம் புல். வீட்டில் ஒரு எருமை இருக்கும், அதற்குப் புல் அறுக்க இன்னொருவர் வரப்புக்குத்தான் போகவேண்டும். அங்கே கேட்கிற பேச்சையும் படுகிற அவமானத்தையும் அந்தப் பெண்கள் வெளியே சொல்வதே இல்லை. தனக்கென்று ஒரு துண்டு நிலம் இருந்தால் அந்த வரப்பில் கால் வைக்க வேண்டாம். கூலி உயர்வோ நிலமோ கேட்ட ஊர்களில் நிலக்காரர்கள் சில சமயம் தலித்துகளுக்குச் சமூகப் புறக்கணிப்பு அறிவித்தார்கள். வேலை கிடையாது, பால் கிடையாது, வயலில் கால் வைக்கக்கூடாது. அந்த அறிவிப்பு குருத்வாரா ஒலிபெருக்கியிலேயே வந்த ஊர்களும் உண்டு. காலையில் குருவின் வாக்கு வந்த அதே ஒலிபெருக்கி. எனக்கு இதைவிட வலித்த விஷயம் பஞ்சாபில் வேறு எதுவும் இல்லை.

இதைப் பற்றிச் சீக்கியர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடக்கிறது. உனக்குச் சொல்ல வந்ததும் அதைத்தான். ஒரு தரப்பு, சீக்கியத்தில் சாதி கிடையாது, அதைப் பேசிப்பேசிப் பந்த்தை, அதாவது சீக்கியச் சமூகத்தை, பிளக்காதீர்கள் என்கிறது. 1984-இல் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததையும் அந்த நவம்பரில் தில்லியில் நடந்ததையும் பார்த்த சமூகம் அது. உள்ளே விரிசல் காட்டினால் வெளியே இருப்பவன் கை நுழைப்பான் என்ற பயம் அவர்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் சொல்வது வரலாற்றோடு ஒட்டவில்லை. 1950-இல் பட்டியல் சாதிகளுக்கான ஆணை வந்தபோது சீக்கியர்களில் நான்கு சாதிகளைத்தான் சேர்த்தார்கள். சீக்கியத் தலைவர்கள் போராடிய பிறகு 1956-இல் மற்ற சீக்கிய தலித்துகளுக்கும் அந்த உரிமை கிடைத்தது. சாதி இல்லை என்றால் எதற்காகப் போராடினார்கள்? சாதியால் தங்கள் மக்கள் படுகிற பாட்டை அன்றைய தலைமை ஒப்புக்கொண்டுதான் கேட்டு வாங்கியது. (கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ போனால் போய்விடுகிற பட்டியல் சாதி உரிமை சீக்கியத்தில் தொடர்வதும் இதனால்தான். உன் படிப்பும் வேலையும் இதில் இருக்கிறது, அதனால் அந்த ஆணையை நீயே ஒரு தடவை படித்துவிடு.)

இன்னொரு தரப்பு, அம்பேத்கரையும் குரு கிரந்தத்தையும் சேர்த்துப் படிக்கிறவர்கள், 1920-ஐ நினைவுபடுத்துகிறார்கள். அந்தக் கதையை நம் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நானும் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி ஜாலியன்வாலா பாக்கில் அமிர்தம் எடுத்த தாழ்த்தப்பட்ட சாதியினர், கல்சா கல்லூரிப் பேராசிரியர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு கடா பிரசாதத்தோடு (கோதுமை மாவு அல்வா) பொற்கோயிலுக்குப் போனார்கள். பூசாரிகள் அவர்கள் கொண்டுவந்ததை வாங்க மறுத்தார்கள். சரி, குருவிடமே கேட்போம் என்று குரு கிரந்தத்தைத் திறந்து வாசித்தார்கள். தகுதியற்றவர்களையும் அவனே மன்னித்துச் சற்குருவின் சேவையில் சேர்க்கிறான் என்ற பொருளில் வந்தது அன்றைய வாக்கு. பூசாரிகளால் அதற்குமேல் பேச முடியவில்லை. அங்கிருந்து கூட்டம் பக்கத்திலேயே இருக்கிற, சீக்கியரின் உயர்ந்த அதிகார பீடமான அகால் தக்துக்குப் போனபோது அங்கிருந்த பூசாரிகள் இடத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் சற்றே கழிந்திருந்தது, நவம்பர் 15-இல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. இன்றைக்குப் பஞ்சாபின் வரலாற்று குருத்வாராக்களை நிர்வகிக்கிற அமைப்பு, ஒடுக்கப்பட்டவர் கொண்டுவந்த பிரசாதத்தை வாங்கலாமா கூடாதா என்ற கேள்வியோடு சேர்ந்துதான் பிறந்தது.

அந்த அமைப்பு இந்த ஞாபகத்தைப் போதுமான அளவு காப்பாற்றவில்லை என்பது என் கருத்து. ஜாலந்தர் பக்கத்தில் தல்ஹன் என்ற ஊரில், காணிக்கை நிறைய வரும் ஒரு வழிபாட்டுத் தலத்தின் கமிட்டியில் தலித்துகளுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டதற்கு 2003-இல் புறக்கணிப்பும் கலவரமும் வந்தன. கடைசியில் இடம் கொடுத்தார்கள். 2009-இல் வியன்னாவில் ரவிதாசர் பெயரிலான குருத்வாராவுக்குள் புகுந்து தாக்கியதில் ரவிதாசியாக்களின் மதத் தலைவர் சந்த் ராமானந்த் கொல்லப்பட்டார். பஞ்சாபே பற்றி எரிந்தது. அடுத்த வருஷம் ஜனவரியில் ரவிதாசியாக்களில் ஒரு பகுதியினர் காசியில் தனி மதம் என்று அறிவித்துத் தனி நூலும் வைத்துக்கொண்டார்கள். குரு கிரந்தத்தை விட மாட்டோம் என்று நின்ற ரவிதாசியாக்களும் நிறையப் பேர். இப்போது எல்லைப்புற மாவட்டங்களில் மஜ்ஹபிகள் தேவாலயங்களுக்குப் போகிறார்கள் என்ற கவலை. மதமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 2022-இல் அன்றைய அகால் தக்த் ஜதேதார் (தலைவர்) கேட்டார். 'ஒரு ஊர், ஒரு குருத்வாரா, ஒரு சுடுகாடு' என்ற பிரசாரமும் நடக்கிறது. சட்டம் கேட்பதில் காட்டுகிற வேகத்தைவிட இந்தப் பிரசாரத்தில் அதிக வேகம் காட்டினால் சட்டத்துக்கே வேலை இருக்காது என்று நான் நம்புகிறேன். போகிறவரை நிறுத்துவதைவிட, ஏன் போனார் என்று அவர் வீட்டில் போய் உட்கார்ந்து கேட்பது நல்லது.

கடல் தாண்டியும் இதே வாக்குவாதம்தான். கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதா வந்தபோது அங்குள்ள ரவிதாசியாக்கள் அதற்காக நின்றார்கள். சட்டமன்றம் நிறைவேற்றியதை 2023 அக்டோபரில் ஆளுநர் நிராகரித்துவிட்டார்.

பெண்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்கவில்லை, ஆனால் நாளைக்கு உன் பெண்டாட்டியும் மகளும் இதில்தான் வாழப்போகிறார்கள். அரசர்களைப் பெறுகிறவளை எப்படித் தாழ்வாகச் சொல்வது என்று குரு நானக் பாடியிருக்கிறார். 1925 குருத்வாரா சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. 1945-இன் ரஹத் மரியாதா என்ற சீக்கிய நடத்தை விதிநூல், அமிர்தம் கொடுக்கும் ஐவரில் பெண்ணும் இருக்கலாம் என்கிறது. எங்கள் பேட்டை குருத்வாராவில் பெண்கள் கீர்த்தனை பாடுவதைக் கேட்டுத்தான் எனக்குப் பஞ்சாபியே பழகியது. ஆனால் பொற்கோயிலின் கருவறையில் பெண்கள் கீர்த்தனை பாட இன்னும் இடமில்லை. 1996-இல் அகால் தக்த் பெண்களின் சேவைக்கு ஆதரவாக உத்தரவிட்டது. 2003-இல் இங்கிலாந்திலிருந்து வந்த அமிர்தம் எடுத்த இரண்டு பெண்கள் இரவில் குரு கிரந்தத்தைப் பல்லக்கில் கொண்டுபோகும் சேவையில் சேரப் போனபோது தடுக்கப்பட்டார்கள். 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டமன்றமே பெண்களைப் பாட அனுமதியுங்கள் என்று தீர்மானம் போட்டுக் கேட்டது. மரபு என்பதுதான் இன்றுவரை வருகிற பதில். நாலு பக்கமும் வாசல் வைத்துக் கட்டிய கோயிலில் இப்படி ஒரு மரபு இருக்க நியாயமே இல்லை. பீபி ஜாகிர் கௌர் 1999-இலேயே பிரபந்தக் கமிட்டிக்குத் தலைவராக வந்துவிட்டார். நிர்வாகம் செய்யலாம், பாடக்கூடாது என்றால் எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம் யார் மாற்றுவது? பிரபந்தக் கமிட்டியின் பொதுத்தேர்தல் கடைசியாக நடந்தது 2011-இல். அன்று பிறந்த குழந்தைகள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். புதிய ஆட்கள் உள்ளே வர வழியே இல்லாமல் சமத்துவத்தை எங்கே போய்க் கேட்பது என்று என்னுடைய சீக்கியத் தோழிகள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் நான் அவர்கள் பக்கம்.

சரி, நீ என்ன செய்ய வேண்டும்? அம்பேத்கரே 1936-இல் அமிர்தசரஸ் வந்து சீக்கியர் மாநாட்டில் பேசினார். தீவிரமாக யோசித்தார். கடைசியில் 1956-இல் பௌத்தத்துக்குப் போனார். அவர் எடுத்துக்கொண்ட அந்த அவகாசத்தை நீயும் எடுத்துக்கொள். போகாதே என்று நான் சொல்லவில்லை. சாதியே இல்லாத இடம் என்று நம்பிப் போனால் முதல் வருஷத்திலேயே மனசு உடைந்துவிடுவாய். குரு கிரந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரோடு சண்டை போடுகிறவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிறார்கள். அவர்களோடு சேரப் போகிறாய் என்று தெரிந்து வந்தால் உன்னால் நிற்க முடியும். அவர்களுக்கும் நீ வேண்டும்.

அதுவரை, சென்னைக்குப் போகும்போது தி.நகர் குருத்வாராவில் ஒரு வேளை உட்கார்ந்து கேள். பஞ்சாபியை எழுதும் குர்முகி எழுத்தைக் கற்றுக்கொள், ஒன்றும் கஷ்டமில்லை. தேர்வு முடிந்ததும் இங்கே வா. சங்ரூர் பக்கம் எனக்குத் தெரிந்த மஜ்ஹபி குடும்பம் ஒன்று இருக்கிறது, உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்கள் வீட்டிலேயே தங்கலாம் என்றார்கள். ஜாட் வீடு ஒன்றிலும் தங்க ஏற்பாடு செய்கிறேன், அவர்கள் தரப்பையும் நீ கேட்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் அந்தமான் எக்ஸ்பிரஸ் லூதியானாவில் நிற்கும். டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல், ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
அக்கா
லூதியானா