நீர்யானை வாய் பிளந்த படத்துக்குப் பரிசு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழின் வாசகர் புகைப்படப் பகுதியில், நம் குவாசுலு-நட்டாலின் செயின்ட் லூசியா கழிமுகத்தில் கனூவிலிருந்து (துடுப்புப் படகிலிருந்து) எடுத்த நீர்யானைப் படத்துக்கு முதல் பரிசு கொடுத்திருக்கிறீர்கள். வாயை முழுக்கப் பிளந்து, கோரைப்பற்கள் வெளியே தெரிய, லென்ஸையே பார்த்து நிற்கிறது அது. ‘துணிச்சலான படம்’ என்று குறிப்பும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் குறிப்புதான் கவலை தருகிறது. ஜூலைப் பள்ளி விடுமுறையில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் அங்கே போகும். அதே மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஃபோனோடு முன் இருக்கையில் உட்காருவார்கள்.

நீர்யானை வாய் பிளப்பது சோம்பலால் அல்ல, பெரும்பாலும் மிரட்டலாகத்தான். ஆண்கள் ஒன்றையொன்று மிரட்டும்போதும் அப்படிச் செய்யும். அப்போது முகம் பக்கவாட்டில் இருக்கும். முகம் நேராக லென்ஸை நோக்கியிருந்தால் மிரட்டப்படுபவர் படம் எடுப்பவர்தான். அதற்கு முன்பே எச்சரிக்கைகள் வந்திருக்கும். முதலில் எல்லாத் தலைகளும் உயர்ந்து ஒரே பக்கம் திரும்பும். பிறகு மூக்கால் புஸ்ஸென்று சீறும். வாய் பிளப்பது அதற்கும் அடுத்த கட்டம். அதன் பிறகு ஒரு நீர்யானை தண்ணீருக்குள் மறைந்து, மேலே ஓர் அலை மட்டும் படகை நோக்கி வந்தால், கேமராவை மடியில் போட்டுவிட்டு ஆழமில்லாத பக்கமாக வேகமாகத் துடுப்புப் போட வேண்டியதுதான்.

ஆழமில்லாத பக்கம் ஏன் என்று பலர் கேட்பதுண்டு. நீர்யானை நீந்துவதில்லை; ஆற்றின் அடித்தரையில் கால் ஊன்றி நடக்கிறது, ஓடுகிறது. பயந்தால் ஆழத்துக்குத்தான் போகும். ஆழமான வாய்க்காலில் கனூ நின்றால், தப்பிக்கப் போகும் விலங்கின் வழியில் நிற்கிறோம் என்று அர்த்தம். ஒன்றரை டன் எடை கீழிருந்து முட்டினால் எந்தக் கனூவும் கவிழும். ஆகவே ஆழத்தை அதற்கு விட்டுக்கொடுத்து, கரையோரமாகப் போக வேண்டும். வளைவு திரும்புமுன் துடுப்பால் படகின் விளிம்பை இரண்டு தட்டு தட்டினால், நாம் வருவது அதற்குத் தெரிந்துவிடும், திடுக்கிடாது. மூழ்கிய நீர்யானை ஐந்து நிமிடம் வரை மூச்சடக்கும். மறைந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று நினைத்து அதன் மேலே படகை ஓட்டுவதுதான் பெரிய தவறு. நாணலுக்கு நடுவே சேற்றில் வழுவழுப்பான பாதை தெரிந்தால் அங்கே கரையேறக் கூடாது. அது இரவு மேய்ச்சலுக்கு நீர்யானை போய்வரும் வழி. விடியலில் அவை திரும்பிக்கொண்டிருக்கும். சூரியன் நன்றாக மேலே வந்த பிறகே படகை இறக்க வேண்டும்.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது? 50 மீட்டருக்குக் குறையவே கூடாது என்பது எங்கள் கருத்து. இரண்டு பேர் உட்காரும் கனூ ஏறக்குறைய 5 மீட்டர். பத்து கனூவை வரிசையாக வைத்தாற்போல் மனதில் அளந்துகொள்ளலாம். படத்துக்கு அந்தத் தூரம் போதுமா என்றால், லென்ஸைப் பொறுத்தது. முழுச்சட்ட (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் 50 மீட்டரில் காட்டும் அகலம் நாலரை மீட்டர். மணல் திட்டில் பக்கவாட்டில் நிற்கும் நீர்யானை முழுசாக அதில் அடங்கும். உடல் படச்சட்டத்தை விட்டு வெளியே போகிறது என்றால் மிக நெருங்கிவிட்டோம், பின்வாங்க வேண்டும். ஃபோனின் சாதாரண லென்ஸோ அதே தூரத்தில் கிட்டத்தட்ட 70 மீட்டர் அகலத்தைக் காட்டும்; நீர்யானை ஒரு கரும்புள்ளியாகத்தான் விழும். ஃபோன் வைத்திருப்பவர்கள் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று நெருங்குவது இதனால்தான். ஆபத்து துணிச்சலால் வருவதில்லை, குட்டை லென்ஸால் வருகிறது. ஃபோனில் எடுப்பவர்கள் கூட்டத்தையும் நாணலையும் வானத்தையும் சேர்த்து ஒரே காட்சியாக எடுக்கட்டும்; நல்ல படம் அதிலும் உண்டு.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். இனி கனூவில் எடுத்த விலங்குப் படம் எதை வெளியிட்டாலும், என்ன லென்ஸ், எவ்வளவு தூரம் என்று கீழே ஒரு வரி போடுங்கள். விலங்கு மிரட்டும் படங்களையும், மீனை வீசி மீன்கழுகை வரவழைத்து எடுத்த படங்களையும் போட்டியில் சேர்க்காதீர்கள். போட்டி விதிகளில் இதை எழுதிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

கனூவில் படமெடுக்கும் முறை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னால் இருப்பவர் படமெடுக்க, பின்னால் இருப்பவர் படகைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; இருவரும் கேமராவைத் தூக்கினால் காற்றுதான் படகை ஓட்டும். விலங்குக் கூட்டத்துக்குக் காற்றடிக்கும் பக்கம் நின்றால், துடுப்பை நிறுத்தியதும் காற்று நம்மை அதன் மேலேயே தள்ளிவிடும். எதிர்ப்பக்கம் நின்றால் மெல்ல விலகிப்போவோம். முக்காலி, ஒற்றைக்கால் தாங்கி இரண்டுமே கனூவில் வீண். படகின் ஆட்டம் முழுவதும் கேமராவுக்கு ஏறும். முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் குறையாமல் வைத்து, ஐஎஸ்ஓவைத் (ஒளி உணர்திறனை) தானியங்கியில் விட்டுவிடலாம். அந்தரத்தில் சிறகடித்து நின்று மீனுக்குப் பாயும் கருப்புவெள்ளை மீன்கொத்திக்கு 1/2500 வேண்டும். மீன்கழுகுக்குத் தலையும் மார்பும் வெள்ளை, இறக்கை கருப்பு. கேமராவின் கணக்குக்கே விட்டால் தலையில் இறகு தெரியாமல் வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளி அளவை) மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தால் சரியாக வரும்.

கேமராவின் பட்டையைக் கழுத்தில் மாட்டாதீர்கள். படகு கவிழ்ந்தால் அது எதிலாவது சிக்கிக்கொள்ளும். 20 லிட்டர் நீர்புகா பையில் வைத்து, வாயை மூன்று முறையாவது சுருட்டி, உள்ளே கொஞ்சம் காற்று விட்டுப் பூட்டினால் பை மிதக்கும். பையைப் படகின் குறுக்குச் சட்டத்தில் கொக்கியால் மாட்டுங்கள். கழிமுகத்துத் தண்ணீரில் உப்பு உண்டு. துளி பட்ட லென்ஸை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுக்க வேண்டும். சின்ன கேமராவைக் குச்சியில் கட்டித் தண்ணீரில் முக்கிப் படமெடுக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. செயின்ட் லூசியாவில் முதலையும் உண்டு, சாம்பசி சுறாவும் (காளைச் சுறா) உண்டு. அங்கே விரலைக்கூடத் தண்ணீரில் விடக் கூடாது. அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் கனூவில் இறங்கவும் கூடாது.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. மேற்கு கேப் மாகாணத்தில் ஜார்ஜ் நகருக்கு அருகே, வில்டர்னஸ் ஊரில் கார்டன் ரூட் தேசியப் பூங்காவுக்குள் ஓடும் டோ ஆற்றில் முதலையும் இல்லை, நீர்யானையும் இல்லை. கனூ வாடகைக்குக் கிடைக்கும். கழுத்தில் பாதி வளையம் போட்ட நீல மீன்கொத்தியைப் பார்க்க அந்த ஆறு நல்ல இடம். தண்ணீருக்கு மேல் தாழ்ந்து தொங்கும் கிளையில் உட்காரும். பறந்தால் துரத்தாதீர்கள், துரத்தினால் தன் எல்லை முடியும்வரை முன்னால் பறந்துகொண்டே இருக்கும், பிறகு சுற்றிக்கொண்டு திரும்பிவிடும். வெள்ளை எச்சம் படிந்த கிளை ஒன்றைப் பார்த்து, எதிர்க்கரை நிழலில் படகை ஒதுக்கிக் காத்திருந்தால் தானே வரும். மரநிழல் அடர்த்தி, தண்ணீரும் தேயிலைச் சாறு நிறம். ஐஎஸ்ஓ 3200 வரை போகத் தயங்க வேண்டாம்.

இப்படிக்கு,
துடுப்புப் படகு ஆர்வலர்கள்,
டர்பன்