முதலாம் படிவத்துக்கு எந்தப் பள்ளி? மகளுக்கு ஒரு கடிதம்

பிறை, பினாங்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். நீ அனுப்பிவைத்த செய்திகள் அனைத்தையும் பொறுமையாகப் படித்து முடித்தேன். சிம்பாங் அம்பாட் வீட்டின் சாவி கைக்கு வருமுன்பே அந்தத் தாமான் குடியிருப்புப் பெற்றோர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நீ சேர்ந்திருக்கிறாய். பேரனை முதலாம் படிவத்தில் எங்கே சேர்ப்பது என்று அங்கே நடக்கும் வாக்குவாதத்தில் நீயும் ஒரு கட்சியாகவே மாறிவிட்டாய். இதைத் தொலைபேசியில் பேசத் தொடங்கினால் பாதியிலேயே இருவரும் குரலை உயர்த்திவிடுவோம் என்பதால்தான் எழுதுகிறேன்.

குழுவில் ஒரு தரப்பு, எப்போதோ நடந்த அடிதடியைச் சொல்லி, வீட்டுக்கு அருகிலுள்ள இடைநிலைப்பள்ளியின் பெயர் கெட்டுவிட்டது என்கிறது. புதிதாக வந்திருக்கும் பெண் முதல்வர் எதற்கெடுத்தாலும் பெற்றோரை அழைத்து அலைக்கழிக்கிறார் என்பது அவர்களுடைய பெரிய குறை. இன்னொரு தரப்பு, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் இருக்கும் பேரெடுத்த பள்ளிக்கு எப்படியாவது மேல்முறையீடு செய்து இடம் வாங்கச் சொல்கிறது. பாலத்தைத் தாண்டித் தீவுக்கே அனுப்பிவிடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இவர்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளிகளின் வாசலுக்குள் போய்வந்தவர்கள் என்று அவர்களுடைய எழுத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

இடைநிலைப்பள்ளி அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதல்வர் அறைக்கு வெளியே உட்கார்ந்து கடிதங்களைத் தட்டச்சு செய்தும், கோபத்தோடு வந்த பெற்றோருக்கு நாற்காலி போட்டும், புதிய முதல்வர் வரும்போது பழையவரின் கோப்புகளை எடுத்துக் கொடுத்தும் காலம் கழித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: பள்ளியின் தலைமையைப் பற்றிப் பேசும்போது உங்கள் குழு தவறான ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதல்வரை நியமிப்பது கல்வி அமைச்சு. அதற்கு அமைச்சின் பயிற்சி நிலையமான இன்ஸ்டிடியூட் அமினுடின் பாக்கி நடத்தும் தலைமைத்துவத் தகுதிப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. அரசு ஊழியருக்கு 60 வயதில் கட்டாய ஓய்வு என்பதால், ஐம்பதைத் தாண்டி அந்தப் பதவிக்கு வருபவருக்குப் பெரும்பாலும் சில ஆண்டுகளே கிடைக்கின்றன. இடையில் இடமாற்றம் வந்தால் அதுவும் குறைகிறது. பேரன் முதலாம் படிவத்திலிருந்து, ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் வரை ஐந்து ஆண்டுகள் அங்கே படிக்க வேண்டும். அதற்குள் இரண்டு முதல்வர்களாவது மாறுவார்கள் என்றே நான் எதிர்பார்ப்பேன். பேரெடுத்த அந்தப் பள்ளிக்குப் பேர் வாங்கித் தந்தவர் இப்போது எங்கேயோ பேரப்பிள்ளைகளோடு ஓய்வாக இருப்பார். அருகிலுள்ள பள்ளியின் பெயரைக் கெடுத்த அடிதடியில் இருந்த பையன்களுக்கும் இந்நேரம் மீசை நரைக்கத் தொடங்கியிருக்கும்.

தீவின் பழைய பள்ளிகளைப் பற்றி எனக்கும் பெருமை உண்டு. 1816ல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் துங்கு அப்துல் ரஹ்மானும் பி. ரம்லியும் படித்தார்கள், அங்கே நடந்த தமிழ் வகுப்பிலிருந்துதான் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் வயதைக் கணக்கிட்டு 2016ல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். 1852ல் தொடங்கிய செயின்ட் சேவியர்ஸும் அப்படித்தான். ஆனால் உங்கள் தாமானிலிருந்து தீவுக்குப் போக 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்தைக் கடந்து, அதற்கப்பாலும் நெரிசலில் ஜார்ஜ் டவுன் பக்கம் போக வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையை விடியுமுன் எழுப்பித் தினமும் அந்தப் பயணத்தில் தள்ளுவதற்கு, சுவரில் தொங்கும் பழைய மாணவர் படங்கள் காரணமாகாது. இதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

அடுத்தது அந்த எண்கள். பள்ளியின் சராசரித் தேர்ச்சிக் குறியீட்டை ஒருவர் போட்டு, போன ஆண்டைவிட எண் உயர்ந்திருக்கிறது, பள்ளி முன்னேறுகிறது என்று மகிழ்ந்திருக்கிறார். பத்துப் பேர் கைதட்டியும் இருக்கிறார்கள். அந்தக் குறியீட்டில் எண் குறைந்தால்தான் தேர்ச்சி நல்லது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சரியாகவே படித்தாலும் அது ஐந்தாம் படிவத்தாரின் எஸ்.பி.எம். முடிவைத்தான் காட்டும். மூன்றாம் படிவம் முடிந்ததும் கெட்டிக்காரப் பிள்ளைகளில் சிலர் தங்கும் விடுதிப் பள்ளிகளுக்கும், வேறு சிலர் தொழிற்கல்லூரிகளுக்கும் போய்விடுகிறார்கள். எஞ்சியவர்கள் யார் என்பதையும் அந்த எண் சேர்த்தே சொல்கிறது. ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021ல் நீக்கப்பட்டது, மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 2022ல் நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீடே போதும் என்ற நோக்கம் நல்லதுதான், நானும் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அந்த இரண்டு தேர்வுகளும் போன பிறகு, கீழ்ப்படிவங்கள் எப்படி நடக்கின்றன என்று வெளியிலிருந்து பார்க்கப் பெற்றோரிடம் எந்தக் கணக்கும் இல்லாமல் போயிற்று. அந்த வெற்றிடத்தில்தான் உங்கள் குழுவின் வதந்திகள் குடியேறியிருக்கின்றன.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அருகிலுள்ள அந்தப் பள்ளி இரு வேளைப் பள்ளி. வகுப்பறைகள் போதாததால் மூன்றாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரை காலையிலும், புகுமுக வகுப்பும் முதல் இரண்டு படிவங்களும் பிற்பகலிலும் நடக்கின்றன. முதல்வரும் துணை முதல்வர்களும் விடிகாலையில் வருபவர்கள், எஸ்.பி.எம். வகுப்புகள், கல்வி இலாகாவின் கூட்டங்கள், வருகையாளர்கள் எல்லாம் காலையிலேயே அவர்களைப் பிடித்துக்கொள்ளும். பிற்பகலில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அவர்கள் முன் நின்று பேசுபவர், ‘பென்யெலியா பெத்தாங்’ என்று நாங்கள் அழைக்கும் பிற்பகல் மேற்பார்வையாளர். பேரனுக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பள்ளித் தலைமை என்றால் அவர்தான். அவருடைய பெயர்கூட உங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த நாற்காலியில் நல்லவர் இருந்தால் பிற்பகல் பள்ளி எப்படி இருக்கும், ஏனோதானோ என்பவர் இருந்தால் எப்படி இருக்கும் என்று இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். ஓர் ஆசிரியர் விடுப்பில் இருந்தால் அந்த வகுப்புக்கு மாற்று ஆசிரியர் உடனே போகிறாரா, அல்லது நாற்பது பிள்ளைகள் தாமே சத்தம் போட்டு அந்த நேரத்தைக் கழிக்கிறார்களா என்பது அவர் கையில் இருக்கிறது. மூன்று நாள் வராத பையனின் வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் போகிறதா, அதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பும் போகிறதா என்பதும் அவரைப் பொறுத்ததே. மாலை ஆறரை மணி வாக்கில் பள்ளி விடும்போது, மழையில் பேருந்துக்குக் காத்திருக்கும் சின்னப் பிள்ளைகளிடம் காசு பறிக்கவும் ஆள் சேர்க்கவும் வெளியே மோட்டார் சைக்கிளில் நிற்கும் பையன்கள் எந்த ஊரிலும் உண்டு. நம் பிள்ளைகளை அவர்கள் குறிவைப்பது உனக்குத் தெரியாததல்ல. அந்த வேளையில் மேற்பார்வையாளர் வாசலில் நிற்கிறாரா என்று ஒரு வாரம் போய்ப் பார்த்தால், உங்கள் குழுவின் அத்தனை செய்திகளைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

புதிய முதல்வரைப் பற்றிய குறைக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த காலத்தில் ஊரே மெச்சிய ஒரு முதல்வர் இருந்தார். அவருடைய பதவிக்காலத்தில் கட்டொழுங்குப் பதிவேடு ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. சண்டை நடந்தால் இரு பிள்ளைகளையும் கைகுலுக்க வைத்து அனுப்பிவிடுவார், எதையும் எழுதமாட்டார். அடுத்து வந்தவர் எல்லாவற்றையும் எழுதினார், பெற்றோரை வரவழைத்தார், தேவைப்பட்டபோது போலீசையும் அழைத்தார். ஓராண்டில் பதிவுகள் பெருகின. பள்ளி கெட்டுப்போயிற்று என்று ஊர் சொன்னது. உள்ளே இருந்த எனக்குத் தெரியும், அந்த ஆண்டுதான் சின்னப் பிள்ளைகள் கழிப்பறைக்குப் பயமின்றிப் போகத் தொடங்கினார்கள். இப்போது இப்பதிவுகளைக் கணினி முறையில் ஏற்ற வேண்டும் என்பதால், உண்மையைப் பதியும் முதல்வர் மேலிடத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே பெற்றோரை அடிக்கடி அழைக்கிறார் என்ற ஒன்றை மட்டும் வைத்து அந்த அம்மையாரைக் குறைசொல்ல மாட்டேன். அழைத்த பிறகு எப்படிப் பேசுகிறார் என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் அங்கே போனவர்களிடம்தான் இருக்கிறது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளை என்பதால் நீ இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். குழுவில் இதை ஒருவர்கூடத் தொடவில்லை என்பது எனக்கு வருத்தம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். சட்டம் இருந்தாலும், தமிழ்ப் பாடம் கால அட்டவணைக்குள் வருகிறதா, பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையோ தள்ளப்படுகிறதா என்பதை நிர்வாகமே முடிவு செய்கிறது. பள்ளி முடிந்த பிறகு என்றால், பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். மூன்றாம் படிவத்துக்குள் வகுப்பே கரைந்துவிடும். எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறைத்தபோது நம் சமூகம் குரல் கொடுத்து, பத்துடன் இரண்டு என்று தமிழுக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் வழி பெற்றதை நீ மறந்திருக்கமாட்டாய். கீழ்ப்படிவத்தில் தமிழ் விட்டுப்போனால் அந்த வழி இருந்தும் பயனில்லை. பேரெடுத்த அந்தப் பள்ளியில் தமிழாசிரியர் இருக்கிறாரா என்று கேட்டுப் பார். எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இல்லையென்று தெரிந்தால், என்னைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

அதேபோல, மலாய்மொழியில் குறைந்தபட்ச நிலையை எட்டாத தமிழ், சீனப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கும் புகுமுக வகுப்பு, நாங்கள் ரிமூவ் என்று சொன்னது, அந்தப் பள்ளியில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று விசாரி. பேரனுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். இருந்தாலும் அந்த வகுப்புக்கும் முதலாம் படிவத்தின் கடைசி வகுப்புக்கும் அனுபவமுள்ள ஆசிரியரைப் போடும் நிர்வாகத்தை நான் நம்புவேன். புதிதாக வந்த ஆசிரியரையும், யாருக்கும் வேண்டாத ஆசிரியரையும் அங்கே தள்ளும் நிர்வாகத்தின் எஸ்.பி.எம். முடிவு எவ்வளவு மின்னினாலும் எனக்கு அதில் மதிப்பில்லை.

இவற்றை எங்கே கேட்பது என்று நீ கேட்பாய். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் கேள். 1998ஆம் ஆண்டு விதிகளின்படி சங்கத்துக்கு முதல்வரே ஆலோசகர். பள்ளி நிர்வாகத்தில் தலையிடச் சங்கத்துக்கு அதிகாரமில்லை, ஆனால் கேட்பதற்குத் தடையில்லை, கேட்டது கூட்டக் குறிப்பில் ஏறினால் பதிலும் ஏறித்தான் ஆக வேண்டும். நம்மவர்களில் பலர் கூட்டம் மலாயில் நடக்கிறது என்று கூச்சப்பட்டுப் போவதில்லை. போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, வெளியே வந்து வாகன நிறுத்துமிடத்தில் உரக்கப் பேசுவார்கள். மாப்பிள்ளைக்கு மலாய் நன்றாக வரும். அவர் எழுந்து, தமிழ் வகுப்பு எந்த நேரத்தில் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாலே, மற்ற பதினான்கு பெற்றோர் யார் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஆகவே என் முடிவு இதுதான். பிற்பகல் மேற்பார்வையாளர் பொறுப்பானவராகவும் தமிழுக்கு அட்டவணையில் இடம் இருப்பதாகவும் தெரிந்தால், அருகிலுள்ள பள்ளியிலேயே சேர்த்துவிடு. மேல்முறையீட்டு விண்ணப்பத்தை நிரப்ப வேண்டாம். இரண்டில் ஒன்று சரியில்லை என்றால் சொல், வேறு பள்ளிகளை நாம் இருவரும் சேர்ந்தே போய்ப் பார்ப்போம், பாலத்துக்கு இப்பக்கம் மட்டும். ஜொகூரிலிருந்து மாற்றி வருவதால், அங்குள்ள தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி வை. இங்கே மாவட்டக் கல்வி இலாகாவுக்கு நான் உன்னோடு வருகிறேன். புது வீட்டின் மின்சாரக் கணக்கை மாப்பிள்ளை பெயருக்கு உடனே மாற்றச் சொல். முகவரிக்குச் சான்றாக அந்தக் கட்டணச் சீட்டைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள், பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அன்புடன்,
அம்மா