தாய்வழியில் வராத குடியுரிமை

குவைத்

அன்புத் தங்கச்சி செல்விக்கு,

நலம். ஏற்காட்டுல காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பிச்சிருக்கும். இங்கே இப்பத்தான் வெயில் தணியுது.

"முஸ்லிம் நாட்டுல பொம்பளைப் புள்ளைங்களுக்குக் குடிமையியல்னு என்னத்தச் சொல்லித் தருவாங்க"ன்னு கேட்டிருந்தே. பொண்ணுங்க பள்ளி கிளினிக்குல நர்ஸா உக்காந்திருக்கேனே, நாலு விஷயம் காதுல விழுது. பொண்ணுங்க படிப்புல சூரப்புலிங்க. அவங்களுக்கு அரசுப் பள்ளி 1937லயே வந்துடுச்சு.

ஓட்டுதான் 2005 வரைக்கும் இழுத்துச்சு. நம்ம அப்பாயி கையெழுத்துப் போடத் தெரியாமலே 1952ல சின்னம் ஒட்டின பெட்டியில சீட்டுப் போட்டவ. நமக்கு ஓட்டு முந்தி, பள்ளிக்கூடம் பிந்தி, இங்கே தலைகீழ். 2009ல முதன்முதலா நாலு பெண்கள் எம்.பி. ஆனாங்க. நாலு பேருமே டாக்டர் பட்டம் வாங்கினவங்க. ஆம்பளைங்ககிட்ட யாரு இத்தனை படிப்புக் கேட்டா? 2024 மே மாசம் நாட்டை ஆள்ற அமீர் நாடாளுமன்றத்தையே கலைச்சிட்டதால இப்ப ஆம்பளை, பொம்பளை ரெண்டு பேருக்கும் எம்.பி. தேர்தல் இல்லை. பாடம் மட்டும் நடக்குது.

எனக்கு உறுத்துறது வேற. தலைவலின்னு அடிக்கடி கிளினிக்குக்கு வர்ற பொண்ணு ஒருத்தி. அம்மா குவைத்தி, அப்பா வெளிநாட்டுக்காரர். 1959ல போட்ட சட்டப்படி பிறப்புக் குடியுரிமை அப்பா வழியிலதான். தினம் காலையில கொடிக்கு முன்னாடி நிக்கிறா, அரசியல் சாசனத்தை ஒப்பிக்கிறா, மார்க்கும் வாங்குறா. பிரஜை மட்டும் இல்லை. அப்பா குவைத்தியா இருந்து அம்மா வெளியூர்க்காரியா இருந்தா ஒரு சிக்கலும் கிடையாது. "டீச்சர்கிட்ட கேட்டியா?"ன்னு என் அரைகுறை அரபியில கேட்டேன். "அது பரீட்சையில வராது சிஸ்டர்"ன்னுட்டு மாத்திரையை முழுங்கிட்டுப் போயிட்டா.

உடனே மதத்தைக் குத்தம் சொல்லிடாதே. அதே முஸ்லிம் நாடுங்கதான் எகிப்தும் மொராக்கோவும், எகிப்து 2004லயும் மொராக்கோ 2007லயும் சட்டத்தை மாத்தி அம்மா வழியிலயும் குடுத்துட்டாங்க. நம்ம லட்சணம் மட்டும் என்ன? வெளிநாட்டுல பொறந்த புள்ளைக்கு அப்பா இந்தியரா இருந்தாத்தான் வம்சாவளிக் குடியுரிமைன்னு 1992 வரைக்கும் நாமும் வெச்சிருந்தோம். நீ பாடம் நடத்துற புத்தகத்துல இது இருக்கான்னு பாரு. இல்லைன்னா நீயே வகுப்புல சொல்லு, புள்ளைங்க என்ன கேக்குதுங்கன்னு எனக்கு எழுது.

பணம் இந்த மாசம் ரெண்டு நாள் தள்ளி வரும். கோட்டை ராபியா அக்கா மகன் தை மாசம் இங்கே திரும்புறானாம். அவன்கிட்ட அரைக்கிலோ மிளகு குடுத்துவிடு. கடையில வாங்காதே, தோட்டத்து மிளகாப் பாரு.

இப்படிக்கு,
அக்கா