பேராசிரியர் ஒகாட்டாவை மறந்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சடாகோ ஒகாட்டா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ஐ.நா. அகதிகள் ஆணையராக இருந்த பத்து வருடத்தை விரிவாகச் சொல்லிவிட்டு, அதற்கு முன்பிருந்த பேராசிரியரை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது.

1932 மே 15 அன்று ஜப்பான் பிரதமர் இனுகாய் சுயோஷியை இளம் கடற்படை அதிகாரிகள் அவர் இல்லத்துக்குள் புகுந்து சுட்டுக் கொன்றார்கள். "பேசினால் புரியும்" என்றாராம் அவர். "பேசிப் பயனில்லை" என்று சுட்டார்களாம். அவருடைய கொள்ளுப்பேத்திதான் ஒகாட்டா. அப்போது நாலு வயது. தாத்தா யோஷிசாவா கென்கிச்சி இனுகாயின் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சர்; அப்பாவும் வெளியுறவுத் துறைக்காரர்.

இந்த வீட்டுப் பெண், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1963இல் முனைவர் பட்டம் வாங்கியது எதற்கு? 1931இல் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் ஜப்பான் ராணுவம் தன்னிச்சையாக இறங்கியதும், டோக்கியோவின் வெளியுறவுக் கொள்கை அதன் பின்னால் எப்படி இழுபட்டுப் போனது என்ற ஆய்வுக்கு. யார் முடிவெடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்கிற ஆய்வு அது. கொள்ளுத்தாத்தாவின் சாவு அதற்குப் பின்னால் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1968இல் ஐ.நா. பொதுச் சபைக்குப் போன ஜப்பானியக் குழுவில் இடம் கிடைத்தது. 1976இல் நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான ஜப்பான் தூதுக்குழுவில் பதவி. அப்புறம் 1980இல் டோக்கியோவின் சோபியா பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டார். அங்கிருந்துதான் அகதிகள் ஆணையராக ஜெனீவாவுக்கு அழைத்தார்கள்.

பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1991 ஏப்ரலில் ஈராக்கிலிருந்து ஓடிவந்த குர்து மக்கள் சுமார் நாலு லட்சம் பேர், துருக்கி எல்லையைத் திறக்காததால் பனிமலையில் சிக்கிக்கொண்டார்கள். எல்லை தாண்டினால்தான் அகதி என்பது சட்டம். தாண்டாதவருக்கு நாம் எப்படி உதவுவது என்று அலுவலகத்துக்குள்ளேயே வாக்குவாதம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஈராக்குக்கு உள்ளேயே உதவுவது என்று தீர்மானித்தவர் ஒகாட்டா. 1993 பிப்ரவரியில் போர் நடந்துகொண்டிருந்த போஸ்னியாவில் எல்லாத் தரப்பும் நிவாரணத்தை வைத்து அரசியல் செய்தபோது, பணிகளை நிறுத்துவதாக அறிவித்தார். ஐ.நா. பொதுச்செயலாளர் பூட்ரோஸ் காலி சில நாளில் அதை மாற்றிவிட்டார். சரி, மாற்றட்டும். நிலைமையை உலகம் கவனித்ததே! அதிகாரம் எங்கே இருக்கிறது என்று படித்தவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

இன்னொரு விடுபடலும் உண்டு, அது நம்மைப் பற்றியது. 1992இல் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து இலங்கை அகதிகளைத் திருப்பி அனுப்பியபோது, விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா என்று சரிபார்க்கும் வேலை இதே ஆணையத்திடம் வந்தது. சென்னையில் அலுவலகம் போட்டார்கள். முகாம்களுக்குள் தாராளமாகப் போக அனுமதி இல்லை. புறப்படும் நேரத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கையில் மூட்டையோடு நிற்பவரிடம் "நீங்களாகத்தான் போகிறீர்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

இந்த நிலையில் அந்த வேலையை ஏற்பது என்ற முடிவை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள்? அன்று கப்பலேறியவர்களைத் தேடி உங்கள் நிருபர் எழுதுவாரானால், முதல் ஆளாகப் படிப்பேன்.

– ஒரு வாசகி, திருச்சி