காலாவதியான சைவ உணவு: பச்சைப் புள்ளியை நம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் இருபத்தாறு ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தி வருகிறேன். தேதி முடிந்த பாக்கெட்டுகளை அடுக்கிலிருந்து எடுத்து ஒதுக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும், கடை வாசலில் நிற்பவர்களில் யாராவது ஒருவர், "அண்ணாச்சி, சைவம்தானே, கறியா மீனா கெட்டுப்போறதுக்கு? பாதி விலைக்குக் குடுத்துடுங்க" என்று கேட்கிறார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு இவ்வளவு அருகில் இருக்கும் எங்கள் பகுதியில், செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடப் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பனீர் கெட்டுவிட்டதா, நிலக்கடலை கெட்டுவிட்டதா என்று சொல்லப் பெரியவர்களுக்கே தெரிவதில்லை. அசைவத்தில் காட்டும் எச்சரிக்கையில் பாதியைக்கூட நாம் சைவத்தில் காட்டுவதில்லை என்ற கவலையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உறையின் மேல் பச்சைச் சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளி, அந்தப் பொருளில் இறைச்சி, மீன், முட்டை ஆகியவை சேர்க்கப்படவில்லை என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. பாலும் பால் பொருள்களும் அந்தப் புள்ளிக்குள்தான் அடங்குகின்றன. எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்வது தேதி. அந்தத் தேதியிலும் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' என்ற காலாவதித் தேதியை அச்சிடுவது கட்டாயம். அந்தத் தேதி கடந்த பொருளை விற்கக் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது உற்பத்தியாளர் விரும்பினால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் குறிப்பு. அந்த நாளுக்குப் பின் மணமும் சுவையும் மொறுமொறுப்பும் குறைந்திருந்தாலும், உண்பதற்குப் பாதுகாப்பானதாகவே இருக்கக்கூடும் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. ஆனால் இரண்டு விளக்கங்களிலும் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கிறது: உறையில் சொல்லியிருக்கும் முறைப்படி அந்தப் பொருளைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். கடையில் ஒரு முறையும் வீட்டில் ஒரு முறையுமாக நாம் மீறுவது இந்த நிபந்தனையைத்தான்.

தேதி முடிந்த சைவப் பொருளைச் சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்டால், பொருளுக்குப் பொருள் என் பதில் மாறும். ஈரம் படாமல் வைத்த துவரம் பருப்பும் உளுந்தும் சர்க்கரையும் உப்பும் தேதி கடந்த மறுநாளே நஞ்சாகிவிடுவதில்லை. பருப்பு பழசானால் வேகச் சற்று நேரம் பிடிக்கும். அரிசியோ பழசானால்தான் விலை கூடும். ரவையிலும் மைதாவிலும் வண்டு வைத்தால் சலித்துப் பார்க்கலாம், மனம் ஒப்பாவிட்டால் கொட்டிவிடலாம். கோதுமை மாவில் தவிட்டின் எண்ணெய்ச் சத்து சேர்ந்திருப்பதால் அது மைதாவைவிட விரைவாகக் காறிப்போகும். வாயில் ஒரு சிட்டிகை போட்டாலே கசப்பு தெரியும். சமையல் எண்ணெயில் சிக்கு வாடை வந்தால் அதைத் தாளிப்பதற்குக்கூடப் பயன்படுத்தக் கூடாது. நமுத்துப்போன பிஸ்கட்டில் வயிற்றுக்குக் கெடுதல் பெரிதாக இல்லை. சாம்பார்ப் பொடி மணமிழந்தால் அது வெறும் நட்டம். அதுவே கட்டி கட்டியாகிப் பூசணம் பூத்திருந்தால் தேதி எதுவாக இருந்தாலும் அது குப்பைக்குரியது.

பால், பனீர், கோவா, கிரீம் வைத்த கேக், வேகவைத்து உறையிட்ட உணவு, முளைகட்டிய பயறு ஆகியவற்றில் இந்தத் தாராளத்துக்கு இடமே இல்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. கடைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மேல் அடுக்கில் தப்பியிருந்தவற்றில் ஃப்ரிட்ஜுக்குள் இருந்த நான்கு பாக்கெட் பனீரும் அடங்கும். பால் கிடைக்காமல் ஊரே அல்லாடிய நேரம் அது. பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று வந்து கேட்டார். உறையைப் பார்த்தேன், காலாவதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நல்ல மனத்தோடு, காசு வாங்காமல், இரண்டு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். அன்றிரவே அந்த வீட்டின் இரண்டு பிள்ளைகளும் விடாமல் வாந்தி எடுத்தார்கள். தேங்கிய தண்ணீரில் தோளில் தூக்கிக்கொண்டுபோய் மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான். அடுத்த கேள்வி, அது எத்தனை நாள் மின்சாரம் இல்லாத ஃப்ரிட்ஜில் இருந்தது என்பது. பிள்ளைகள் இரண்டு நாளில் தேறி வீடு திரும்பினார்கள். தேதிக்குக் கீழே பொடி எழுத்தில், 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் வைக்கவும் என்று அச்சிட்டிருந்த வரியை அன்று நான் படித்திருந்தால் அவர்களுக்கு அந்த வேதனை வந்திருக்காது. அந்தக் குற்ற உணர்ச்சி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிக் கேட்கவும் படிக்கவும் தொடங்கினேன். உணவைக் கெடுக்கும் கிருமிகள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் வேகமாகப் பெருகுகின்றன. சென்னையின் எந்த மாதத்தை எடுத்துக்கொண்டாலும், பகலானாலும் இரவானாலும், நம் சமையலறை அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. "நல்லா சூடு பண்ணிட்டா சரியாப்போயிடும்" என்பது நம் வீடுகளில் வழங்கும் பெரிய தைரியம். சூட்டில் கிருமி சாகலாம். அது ஏற்கெனவே உணவில் விட்டுச்சென்ற நஞ்சு எல்லா நேரமும் அழிவதில்லை. பாலிலும் கோவா இனிப்புகளிலும் கைபட்டுப் பரவும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியின் நஞ்சு கொதிக்கும் சூட்டையும் தாங்கும். வடித்த சோற்றை வெளியே விட்டுவைத்தால் அதில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதை போன்ற வித்துகள் சோறு வேகும்போதே சாகாமல் தப்புகின்றன. வாந்தி உண்டாக்கும் அதன் நஞ்சு 121 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை. சோற்றைவிடச் சுத்த சைவம் வேறு என்ன இருக்கிறது? நம் பழைய சோற்றைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரவே தண்ணீர் ஊற்றி வைப்பதால் அது புளித்து அமிலத்தன்மை பெறுகிறது, மறுநாள் காலையிலேயே தீர்ந்தும் விடுகிறது. மதியம் வடித்ததை இரவு வரை மேசையில் வைத்து, பிறகு ஃப்ரிட்ஜில் தள்ளி, மூன்றாம் நாள் எலுமிச்சை சாதமாகக் கிளறும் புதுப் பழக்கம்தான் என்னை அச்சுறுத்துகிறது.

நிலக்கடலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கெட்டால் வயிற்றுப்போக்கோடு போவதில்லை. ஈரம் கோத்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. வறுத்தாலும் அது முழுமையாக நீங்காது. சிறிது சிறிதாகப் பல காலம் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். சுருங்கி, நிறம் மாறி, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறியச் சோம்பல்பட்டு மொத்தமாக வறுத்துச் சட்னி அரைப்பவர்களுக்கு என் கடையில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். மழைக்காலத்தில் கடலை மூட்டையைத் தரையில் வைத்து விற்கும் சக வணிகர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

தேதிக்குள் இருந்தும் கெடுதல் செய்த சைவ உணவுகளும் இருக்கின்றன. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியாகப் பரவிய ஈ. கோலை கிருமியால் 3,800 பேருக்கு மேல் நோயுற்று 50 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 2006இல் அமெரிக்காவில், குளிரில் வைக்க வேண்டிய கேரட் சாற்றைக் குளிரில் வைக்காமல் குடித்தவர்களுக்கு பாட்டுலிசம் என்னும் நரம்பு நஞ்சுப் பாதிப்பு ஏற்பட்டது. முளைப்பயறும் கேரட் சாறும் உடல்நலத்துக்காகத் தேடிப்போய் வாங்கும் பொருள்கள் அல்லவா!

இனி, உரியவர்களின் கவனத்துக்கு இரண்டு செய்திகள். முதலாவது, மொழி. உறையில் விவரங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டாலே சட்டம் நிறைவடைந்துவிடுகிறது. மாநில மொழி விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. என் கடைக்கு வரும் பெண்களில் பலர் தமிழ் நன்றாகப் படிப்பவர்கள். 'யூஸ் பை' எது, 'பெஸ்ட் பிஃபோர்' எது என்று கேட்டால் விழிக்கிறார்கள். பளபளக்கும் உறையின் மடிப்பில், மங்கிய மையில், 'உற்பத்தி செய்த நாளிலிருந்து ஆறு மாதம்' என்பதை ஆங்கிலத்தில் அச்சிட்டுவிட்டு, அந்த உற்பத்தி நாளை வேறொரு மூலையில் தேடச் சொன்னால் யார்தான் கணக்குப் போடுவார்கள்? தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் காலாவதித் தேதியும் சேமிக்கும் முறையும் தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் வற்புறுத்த வேண்டும். 2020 அக்டோபர் முதல் இனிப்புக் கடைகள் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் தேதி எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. நம் கடைவீதிகளில் அதை எத்தனை தட்டுகளில் காண முடிகிறது என்பதை உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்கட்டும்.

இரண்டாவது, எங்கள் தொழிலின் உள்விவகாரம். தேதி முடிந்த சரக்கைச் சில ஏஜென்சிகள் முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வேறு சிலவற்றின் சேல்ஸ்மேன், வைக்கும்போது கெஞ்சி வைத்துவிட்டு, ரிட்டர்ன் என்றதும் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று இழுத்தடிப்பார். அந்த நட்டம் முழுவதும் சிறு கடைக்காரன் தலையில் விழும்போது, மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஃப்ரிட்ஜை அணைத்துவைப்பதும், பழைய சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதும் நடக்கின்றன. அதை நான் நியாயப்படுத்தவில்லை. நிறுவனங்கள் திரும்பப் பெறுவதைக் கட்டாயமாக்காமல் கடைக்காரனுக்கு மட்டும் அபராதம் போட்டால் அது நிற்காது என்கிறேன். தயாரிப்பு நிறுவனங்கள் காலாவதியான பொருள்களின் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் பதிய வேண்டும் என்று ஆணையம் 2024 டிசம்பரில் அறிவுறுத்தியிருக்கிறது. அந்தக் கணக்கில் எங்களைப் போன்ற தெருக்கடைகளில் தேங்கும் சரக்கும் சேர வேண்டும்.

வாசகர்களிடம் ஒன்றை மனம் நொந்து கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் தேதி முடிந்த பிஸ்கட்டையும் பால்பொடியையும் சத்துமாவையும், "நாம சாப்பிட வேணாம், வீணாக்காம அவங்களுக்குக் குடுத்துடலாம்" என்று வேலைக்கு வரும் அம்மாவிடமும் தூய்மைப் பணியாளரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளை வயிற்றுக்கு ஆகாதது அவர்கள் பிள்ளை வயிற்றுக்கு மட்டும் எப்படி ஆகும்? கொடுக்க நினைத்தால் தேதி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே கொடுங்கள். திரும்ப எடுக்க ஆளில்லாத சரக்கை நான் இப்போது பாக்கெட்டோடு குப்பையில் போடுவதில்லை. குப்பை கொடுங்கையூர் கிடங்குக்குப் போய்ச் சேரும் வழியில் யாரோ ஒருவர் அதைப் பொறுக்கி உண்ணக்கூடும், அல்லது துடைத்து மறுபடி விற்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் கடையை மூடிய பிறகு, நானும் என் மகனும் உட்கார்ந்து ஒவ்வொரு உறையையும் கத்திரித்து, உள்ளே இருப்பதைத் தனியாகக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கலக்கிய பிறகே வெளியே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.