செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி விழாக்கள் வழக்கம்போல் நடந்தேறின. ஞாயிறு தமிழ் வகுப்பு தடையின்றி நடக்கிறது.

இந்த ஆண்டின் பெரும்பணி கென்யாவின் அம்போசெலி வனவிலங்குப் பூங்காவுக்குச் சென்ற குடும்பச் சுற்றுலா. நைரோபியில் வளரும் நம் பிள்ளைகள் விடுமுறை வந்தால் சென்னைக்கு விமானம் ஏறுகிறார்கள். நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் யானைக் கூட்டத்தையோ தொலைக்காட்சியில்தான் பார்க்கிறார்கள். அந்தக் குறை தீரவே இதை முன்மொழிந்தேன். மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகலாமே என்று சிலர் கேட்டனர். மாராவில் செலவு அதிகம், தூரமும் அதிகம். அம்போசெலி 392 சதுர கிலோமீட்டர்தான். மரங்கள் குறைந்த வெட்டவெளி. கிளிமஞ்சாரோ மலையில் இறங்கும் நீர் நிலத்தடியில் ஓடி வந்து இங்கே சதுப்பு நிலங்களாக ஊறுகிறது. அதனால் கோடையிலும் யானைகள் விலகுவதில்லை. 1972 முதல் ஆய்வாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்து வருகிறார்கள்.

சதுப்பிலிருந்து ஏறிய கூட்டம் ஒன்று எங்கள் வண்டிக்கு முன்னால் பாதையைக் கடந்தது. வயிறு வரை கரிய ஈரச் சேறு, அதற்கு மேலே வெளுத்த புழுதி. முன்னால் மூத்த பெண் யானை, நடுவில் குட்டிகள், காலடியில் உண்ணிக்கொக்குகள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். கைபேசியை விட்டுக் கண்ணெடுக்காத பிள்ளைகள்கூட மூச்சுக் காட்டவில்லை.

பிற்பகல், மாடு மேய்க்கும் மாசாய் இனத்தவரின் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்றோம். கட்டணத்தை முன்பே பேசி ஊர்ப் பெரியவரிடம் கொடுத்திருந்ததால் மனக்கசப்புக்கு இடமில்லை. அங்கே வீடு கட்டுவது பெண்களின் வேலை. சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிய சுவரைத் தொட்டுப் பார்த்த நம் பாட்டிமார், மழைக்குப் பின் எப்படி மெழுகுவீர்கள் என்று பக்குவம் விசாரித்தார்கள். அவ்வூர்ச் சிறுவர்கள் பெரியவர்கள் முன் தலை தாழ்த்தி நின்றார்கள். பெரியவர்கள் உச்சியில் கைவைத்து வாழ்த்தினார்கள். சற்று நேரத்தில் நம் பிள்ளைகளும் வரிசையில் போய்த் தலை தாழ்த்தினார்கள். இதற்காகத்தான் இத்தனை பாடும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பெயர் கொடுத்த குடும்பங்கள் பல, முந்தைய நாள் இரவு வரவில்லை என்று தகவல் அனுப்பின. இருக்கை காலியென்று வண்டி வாடகை குறையாது. அந்தச் சுமையை வந்தவர்கள் பகிர்ந்துகொண்டார்கள், அது நியாயமன்று. வராதவர்களில் சிலர் ஆண்டுச் சந்தாவும் பாக்கி வைத்திருக்கிறார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளரிடம் பார்க்கலாம். கையிருப்பு குறைவு, கடன் இல்லை. சமையலுக்கு உதவிய சகோதரிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ரயிலில் வோய் நகருக்குச் சென்று, அருகிலுள்ள சாவோ பூங்காவின் செம்மண் பூசிய யானைகளைக் காண எண்ணம். 1898இல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டிய இந்தியத் தொழிலாளர்களை ஆட்கொல்லிச் சிங்கங்கள் கொன்ற கதையையும் பிள்ளைகள் அங்கேயே கேட்கட்டும். முன்பணம் கட்டியவர்களுக்கே டிக்கெட் எடுக்கப்படும். பொறுப்பை ஏற்க இளையவர் எவரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். அதுவரை நானே பார்த்துக்கொள்கிறேன். சந்தா பாக்கியை எம்பெசா கைபேசிப் பணச் சேவை வழியாகவும் செலுத்தலாம்.

இங்ஙனம்,
செயலாளர்